அமெரிக்கா வரும் அம்மா அப்பாவுக்கு மருத்துவக் காப்பீடு: வாங்குவதிலிருந்து கிளெய்ம் வரை

ஷெங்கன் விசாவுக்கு விண்ணப்பித்தால் குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு காட்ட வேண்டும். பெற்றோர் நீண்ட நாள் தங்குவதற்கான கனடாவின் சூப்பர் விசாவுக்கு ஓராண்டுக்கு 1,00,000 கனடா டாலர் காப்பீடு வேண்டும். அமெரிக்காவின் பி-2 சுற்றுலா விசாவுக்கு மட்டும் யாரும் எதுவும் கேட்பதில்லை. ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போனால் பையைக் காலி செய்வதில் முதலிடம் அந்த நாட்டுக்குத்தான்.

கேட்காததால் காப்பீடு கடைசி வேலையாகிவிடுகிறது. டிக்கெட் எடுத்து, பெட்டி கட்டி, ஊறுகாயைச் சுற்றி முடித்த பிறகு, ஏஜென்ட் கையோடு கொடுக்கும் மலிவான பாலிசியை வாங்கிக்கொண்டு விமானம் ஏறுகிறார்கள். இந்த வழிகாட்டி அறுபதைத் தாண்டிய, பி.பி.க்கோ சுகருக்கோ மாத்திரை சாப்பிடுகிற, மகன் அல்லது மகள் வீட்டில் சில மாதங்கள் தங்கப்போகிற பெற்றோருக்கானது. பாலிசியைத் தேடப்போவது பெரும்பாலும் பிள்ளைகள் என்பதால் அவர்களிடம் பேசுவதாகவே எழுதியிருக்கிறோம்.

முதலில் இரண்டு நம்பிக்கைகளைக் கழித்துவிடலாம். ஊரில் இருக்கும் மெடிக்ளெய்ம் பெரும்பாலும் இந்தியாவுக்குள் நடக்கும் சிகிச்சைக்கு மட்டும்தான். அமெரிக்காவில் உங்கள் கம்பெனி தரும் ஹெல்த் இன்சூரன்ஸில் மனைவி, கணவர், குழந்தைகளைச் சேர்க்கலாம். சுற்றுலா விசாவில் வரும் பெற்றோரைப் பொதுவாகச் சேர்க்க முடியாது.

முதலில் ஒரு தாள்

பாலிசிகளை ஒப்பிடுவதற்கு முன் ஒரு தாளில் எழுதவேண்டியவை: இதுவரை டாக்டர் சொன்ன எல்லா நோய்களும், எந்த ஆண்டில் தெரிந்தது என்பதும், ஸ்டென்ட், பைபாஸ், கண்புரை, மூட்டு மாற்று என்று செய்த அறுவை சிகிச்சைகள், இப்போது சாப்பிடும் மாத்திரைகள், அளவு, கடைசியாக எப்போது மாற்றினார்கள். அப்பா "எனக்கு ஒன்றுமில்லை" என்பார். மாத்திரை டப்பாவை வாங்கிப் பாருங்கள். தைராய்டு மாத்திரையும் கொழுப்புக்கான மாத்திரையும் நோயாகவே பலர் நினைவில் வருவதில்லை.

இந்தத் தாள்தான் எந்தப் பாலிசி என்பதைத் தீர்மானிக்கும். விண்ணப்பத்தில் நோய் விவரம் கேட்டால் இதில் உள்ளதை அப்படியே எழுதுங்கள். பிரீமியம் கூடும் என்று சுகரை மறைத்தால், நாளைக்குப் பெரிய கிளெய்ம் வரும்போது ஊரில் உள்ள குடும்ப டாக்டரிடமே பழைய ரெக்கார்டுகளைக் கேட்பார்கள். அங்கே எட்டு வருடமாக மெட்ஃபார்மின் (சுகர் மாத்திரை) என்று இருந்தால் கிளெய்ம் அத்தோடு நிற்கும்; சுகருக்குச் சம்பந்தமே இல்லாத நோய்க்கான கிளெய்மும் சிக்கலாகும்.

இந்தியப் பாலிசியா, அமெரிக்கப் பாலிசியா

இந்திய நிறுவனங்களின் டிராவல் பாலிசி ரூபாயில் வாங்கி, டாலரில் காப்பீடு தருவது. 50,000, 1,00,000, 2,50,000, 5,00,000 டாலர் என்ற படிகளில் கிடைக்கும். பெட்டி தொலைந்தது, பாஸ்போர்ட் தொலைந்தது, விமானம் தாமதம் போன்றவையும் சேர்ந்திருக்கும். பயணம் தொடங்குமுன், இந்தியாவில் இருக்கும்போதே வாங்கிவிட வேண்டும். எழுபதைத் தாண்டியவர்களிடம் சில நிறுவனங்கள் ஈசிஜி, இரத்தச் சர்க்கரை ரிப்போர்ட் கேட்கும். இவற்றில் முதலில் பார்க்கவேண்டியது சப்-லிமிட். அறுபது வயதுக்கு மேல், அறை வாடகைக்கு இவ்வளவு, சர்ஜனுக்கு இவ்வளவு, ஸ்கேனுக்கு இவ்வளவு என்று தனித்தனி உச்சவரம்பு பல திட்டங்களில் உண்டு. அட்டையில் 1,00,000 டாலர் என்று அச்சிட்டிருக்கும்; ஒவ்வொரு செலவுக்கும் கிடைப்பது அந்தச் சின்ன எண்தான். 'சப்-லிமிட் இல்லாத' திட்டத்தைக் கேட்டு வாங்குங்கள்.

அமெரிக்க விசிட்டர் பாலிசிகளில் இரண்டு வகை. ஒன்று, ஒவ்வொரு சிகிச்சைக்கும் நிர்ணயித்த தொகை மட்டும் தரும் 'ஃபிக்ஸட் பெனிஃபிட்'. இன்னொன்று, டிடக்டிபிள் (பில்லில் முதலில் நீங்களே கட்டவேண்டிய தொகை) கழித்த பிறகு நியாயமான பில்லில் பெரும்பகுதியைத் தரும் 'காம்ப்ரிஹென்சிவ்'. முதல் வகை மலிவு. எவ்வளவு மலிவு என்பது பில் வரும்போதுதான் தெரியும்.

ஓர் உதாரணக் கணக்கு. பில் 20,000 டாலர், டிடக்டிபிள் 250 என்று வைத்துக்கொள்வோம். காம்ப்ரிஹென்சிவ் திட்டம் டிடக்டிபிளுக்குப் பிறகு முதல் 5,000 டாலரில் 80 சதவீதம், அதற்கு மேல் முழுவதும் தருவதாக இருந்தால், உங்கள் கையிலிருந்து போவது 250-ம் 1,000-மாக 1,250 டாலர். அதே பில்லுக்கு ஃபிக்ஸட் திட்டம் எமர்ஜென்சி அறைக்கு 400, ஸ்கேனுக்கு 450, மூன்று நாள் அறைக்கு 4,500, சர்ஜனுக்கு 3,000 என்று தந்தால் மொத்தம் 8,350. டிடக்டிபிள் போக 8,100. மீதி 11,900 டாலர் உங்கள் தலையில். இரண்டு திட்டங்களுக்கும் இடையே பிரீமியத்தில் உள்ள வித்தியாசத்தை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

அமெரிக்கப் பாலிசியின் இன்னொரு வசதி, அங்கே ஆஸ்பத்திரி நெட்வொர்க் இருப்பது. நெட்வொர்க் ஆஸ்பத்திரிகள் நேரடியாகக் காப்பீட்டு நிறுவனத்துக்கே பில் அனுப்பும். அம்மா அப்பா வந்து இறங்கிய பிறகும் வாங்கலாம். ஆனால் சில திட்டங்களில் தாமதமாக வாங்கினால் நோய்க்கு முதல் சில நாள் காத்திருப்பு உண்டு. எங்கள் கணிப்பில், மாத்திரை எதுவும் இல்லாத, அறுபதுக்குக் கீழான பெற்றோர் மூன்று வாரம் சுற்றிப்பார்க்க வருகிறார்கள் என்றால் சப்-லிமிட் இல்லாத நல்ல இந்தியப் பாலிசி போதும். சுகர், இதயம் என்று ஏதாவது இருந்து, மாதக்கணக்கில் தங்கினால் காம்ப்ரிஹென்சிவ் வகை அமெரிக்கப் பாலிசி. ஃபிக்ஸட் பெனிஃபிட் யாருக்கும் வேண்டாம்.

முன்பே இருக்கும் நோய்: படித்தே ஆகவேண்டிய பத்தி

பாலிசி ஆவணம் ஐம்பது பக்கம் இருக்கலாம். ஒரு பத்தியை மட்டும் படிக்க நேரம் உண்டு என்றால் இதைப் படியுங்கள்.

பெரும்பாலான அமெரிக்கத் திட்டங்கள் பழைய நோயின் வழக்கமான சிகிச்சைக்குப் பணம் தருவதில்லை. 'அக்யூட் ஆன்செட் ஆஃப் ப்ரீ-எக்ஸிஸ்டிங் கண்டிஷன்' என்ற பெயரில், அந்த நோய் திடீரென்று வெடிக்கும் நிலையை மட்டும் ஏற்கின்றன. இதன் வரையறையில் பொதுவாக நான்கு நிபந்தனைகள் இருக்கும். முன்னறிகுறி இல்லாமல் வர வேண்டும். வேகமாக முற்றுவதாக இருக்க வேண்டும். உடனடிச் சிகிச்சை தேவைப்பட வேண்டும். அறிகுறி தொடங்கி 24 மணி நேரத்துக்குள் சிகிச்சைக்குப் போயிருக்க வேண்டும்.

நான்காவதில்தான் நம் வீடுகள் தோற்கின்றன. சனிக்கிழமை மாலை நெஞ்சு பாரமாக இருக்கிறது. வாயுவாக இருக்கும் என்று ஓம வாட்டர். ஞாயிறு கொஞ்சம் பரவாயில்லை. பிள்ளைக்குச் செலவு வைக்க வேண்டாம் என்று வாயைத் திறப்பதில்லை. திங்கள் காலையில் வலி தோளுக்கு ஏறியதும் ஆஸ்பத்திரி. அங்கே நர்ஸ் "எப்போதிலிருந்து வலி?" என்று கேட்க, "சனிக்கிழமையிலிருந்து" என்று பதில் சொல்லி அது ரெக்கார்டில் ஏறுகிறது. 24 மணி நேர நிபந்தனை போயிற்று. உயிருக்கே ஆபத்தான தாமதம் என்பது வேறு. பெற்றோர் விமானம் ஏறுமுன்னே இதைச் சொல்லிவிடுங்கள்: அறிகுறி தெரிந்த அதே நாளில் போனால்தான் காப்பீடு, தள்ளிப்போட்டால்தான் செலவு. செலவுக்குப் பயந்து மறைப்பவர்களிடம் இந்த வாதம்தான் எடுபடும்.

மெதுவாக மோசமாகும் நோய் இந்த வரையறைக்குள் வராது. காலில் சுகர் புண், கொஞ்சம் கொஞ்சமாக ஏறும் கிரியாட்டினின் (சிறுநீரகம் பழுதாவதைக் காட்டும் அளவு), மாதக்கணக்கான முழங்கால் வலி எல்லாமே வெளியே. வயது கூடக்கூட இந்தப் பிரிவின் வரம்பு சுருங்கும். சில திட்டங்களில் 70 வயதோடு நின்றேவிடும். அதனால் மூன்று எண்களைத் தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்: அப்பாவின் வயதுக்கு மொத்த வரம்பு எவ்வளவு, திடீர்ப் பாதிப்புக்கு எவ்வளவு, அதிலேயே இதய நோய்க்கும் பக்கவாதத்துக்கும் தனிக் குறைப்பு உண்டா. அம்மாவுக்கு 66, அப்பாவுக்கு 72 என்றால் இருவருக்கும் வெவ்வேறு பாலிசி எடுப்பதில் தவறில்லை.

இந்தியத் திட்டங்களில் இதே இடத்தில் 'உயிருக்கு ஆபத்தான அவசர நிலையில் மட்டும்' என்று, ஒரு வரம்போடு இருக்கும். சிலவற்றில் பழைய நோய்க்கு எதுவுமே இருக்காது.

கிளம்புவதற்கு முந்தைய வாரத்தில் மாத்திரையின் அளவை மாற்றிக்கொண்டு வராதீர்கள். நோய் அப்போதே நிலையாக இல்லை, சிகிச்சை தேவை என்பது முன்பே தெரியும் என்று வாதிட அது இடம் கொடுக்கும். செக்கப்பை இரண்டு மூன்று மாதம் முன்பே முடித்துவிடலாம்.

பெரும்பாலான திட்டங்கள் தராதவை: வழக்கமான செக்கப், மாத்திரை மறுபடி எழுதி வாங்குவது, மூக்குக்கண்ணாடி, கண்புரை, டயாலிசிஸ், ஊர் திரும்பும்வரை தள்ளிப்போடக்கூடிய அறுவை சிகிச்சை. பல்லுக்கு வலி தீர்க்கும் அவசரச் சிகிச்சை மட்டும், அதுவும் சிறு வரம்பில்.

உடலை ஊருக்கு அனுப்பும் செலவு பாலிசியில் இருக்கிறதா, எவ்வளவு என்று பார்ப்பது யாருக்கும் பிடிக்காத வேலை. பார்த்துவிடுங்கள். இந்த ஏற்பாட்டைக் காப்பீட்டு நிறுவனத்தின் உதவி மையத்தைக் கேட்காமல் நீங்களாகச் செய்தால் பல பாலிசிகளில் பணம் வராது.

படிவத்தில் தவறும் இடங்கள்

1. பகுதி. இந்தியப் பாலிசிகளில் 'உலகம் முழுவதும், அமெரிக்கா கனடா உட்பட' என்றும், 'அமெரிக்கா கனடா தவிர' என்றும் இரண்டு உண்டு. இரண்டாவது மலிவு என்பதால் பட்டியலில் முதலில் கண்ணில் படும்.

2. பெயர். பாஸ்போர்ட்டில் உள்ளபடி, எழுத்துக்கு எழுத்து. தமிழ்நாட்டுப் பாஸ்போர்ட்டுகளில் இது எப்போதும் தலைவலி. இனிஷியல் விரிந்து தந்தை பெயரோ கணவர் பெயரோ குடும்பப் பெயராகியிருக்கும். ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால் விசாவில் முன்பெயர் இடத்தில் எஃப்என்யூ (முன்பெயர் தெரியவில்லை என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று அச்சாகியிருக்கும். பாலிசியில் ஒரு வரிசை, ஆஸ்பத்திரியில் இன்னொரு வரிசை என்று பதிவானால், இவர் வேறு ஆள் என்று கம்ப்யூட்டர் கிளெய்மைத் திருப்பி அனுப்பும். ஆஸ்பத்திரிப் பதிவு மேசையில் வாயால் சொல்லாமல் பாலிசி அட்டையையே கொடுங்கள்.

3. பிறந்த தேதி. அமெரிக்காவில் மாதம் முதலில், நாள் பிறகு. ஆகஸ்ட் 5 அங்கே 08/05. தேதியை இந்திய முறையில் எழுதினால் மே மாதம் ஆகிவிடும், அட்டையோடு பொருந்தாது.

4. தொடக்க நாள். நள்ளிரவு தாண்டிப் புறப்படும் விமானங்களில் நாள் மாறிவிடும். டிக்கெட்டில் உள்ள புறப்பாட்டுத் தேதியிலிருந்தே தொடங்குங்கள், அமெரிக்காவில் இறங்கும் தேதியிலிருந்து அல்ல. வழியில் தோஹாவிலோ ஃபிராங்ஃபர்ட்டிலோ மயங்கி விழுந்தால் என்ன என்பதையும் கேளுங்கள். அமெரிக்காவுக்குள் மட்டும் செல்லும் திட்டங்கள் இருக்கின்றன.

5. முடிவு நாள். திரும்பும் தேதிக்கு மேல் இரண்டு மூன்று நாள் சேர்த்து எடுங்கள்.

டிடக்டிபிளைப் பூஜ்ஜியமாக வைத்தால் பிரீமியம் ஏறும். 2,500 ஆக்கினால் சின்ன நோய்க்கெல்லாம் உங்கள் காசுதான். 250 முதல் 500 வரை பெரும்பாலோருக்குச் சரியாக வரும். அது பாலிசி முழுமைக்கும் ஒருமுறையா, ஒவ்வொரு நோய்க்கும் தனியா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கைப்பையில் இருக்க வேண்டியவை

பாலிசியின் அச்சுப் பிரதி, அட்டை, 24 மணி நேர உதவி எண். போனில் மட்டும் இருந்தால் போதாது. மருந்துகளுக்கு டாக்டர் சீட்டு, பிராண்ட் பெயரோடு மருந்தின் மூலப் பெயரும் எழுதியதாக. இந்தியப் பிராண்ட் பெயரை அமெரிக்க டாக்டருக்குத் தெரியாது. சொந்த உபயோகத்துக்கு 90 நாளுக்கான மருந்து என்பது அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ வெளிநாட்டவருக்குச் சொல்லும் அளவு. ஆறு மாதம் தங்குபவர்களுக்கு மீதியைப் பிறகு அனுப்பிக்கொள்ளலாம். அந்தப் பார்சலோடு டாக்டர் சீட்டும், விசா, பாஸ்போர்ட் நகலும் வைக்க வேண்டும். மாத்திரைகளை அட்டையோடு கொண்டுவாருங்கள். டப்பாவில் உதிர்த்துக் கொட்டி எடுத்துவந்தால் சுங்கத்தில் விளக்க முடியாது. கடைசி ஈசிஜி, இதயம் பற்றிய ரிப்போர்ட், ஆஞ்சியோ முடிவு இருந்தால் அவற்றின் நகல். பழைய ஈசிஜி ஒன்று கையில் இருந்தால் இது புது மாற்றமா பழையதா என்று எமர்ஜென்சி டாக்டர் உடனே சொல்லிவிடுவார்.

உடம்பு சரியில்லை என்றால்

நெஞ்சுவலி, வாய் கோணல், பேச்சுக் குழறல், மூச்சுத்திணறல், நிற்காத இரத்தம்: யோசிக்காமல் 911. நெட்வொர்க் பார்க்காதீர்கள். 1986-இல் வந்த எம்டாலா சட்டப்படி, எமர்ஜென்சி பிரிவுக்கு வந்தவரைப் பரிசோதித்து, அவசர நிலை இருந்தால் நிலைப்படுத்துவது மெடிகேர் (முதியோருக்கான அரசுக் காப்பீடு) பணம் பெறும் ஆஸ்பத்திரிகளின் கடமை. பணம், காப்பீடு, விசா எதையும் காரணம் காட்டித் திருப்பி அனுப்ப முடியாது. சிகிச்சை இலவசம் என்று இதற்கு அர்த்தமில்லை, பில் வரும்.

காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, சுளுக்கு, வயிற்றுப்போக்கு, தோல் அரிப்பு என்றால் எமர்ஜென்சிக்குப் போகாதீர்கள். 'அர்ஜென்ட் கேர்' மையங்கள் இதற்குத்தான். எமர்ஜென்சியோடு பார்த்தால் செலவு பல மடங்கு குறைவு. பல பாலிசிகளில், எமர்ஜென்சிக்குப் போய் அட்மிட் ஆகாமல் திரும்பினால் டிடக்டிபிளுக்கு மேல் இன்னொரு தொகையும் கட்ட வேண்டும்.

போகுமுன், முடியாவிட்டால் போன பிறகு 24 மணி நேரத்துக்குள், உதவி எண்ணைக் கூப்பிடுங்கள். அட்மிஷன், ஸ்கேன், அறுவை சிகிச்சைக்கு முன்னனுமதி இல்லையென்றால் தொகையில் பாதிவரை வெட்டும் பாலிசிகள் உண்டு. பேசியவர் பெயர், நேரம், அவர் கொடுத்த கேஸ் எண்ணை எழுதிவையுங்கள். ஆஸ்பத்திரியில் "இந்தக் காப்பீட்டை எடுத்துக்கொள்வீர்களா?" என்று கேட்டால் எல்லாரும் "ஆமாம்" என்பார்கள். கேட்கவேண்டிய கேள்வி: "நீங்கள் இந்த நெட்வொர்க்கில் இருக்கிறீர்களா, நேரடியாக பில் அனுப்புவீர்களா?"

பதிவு மேசையில் நீட்டும் தாள்களில் ஒன்று, பணப்பொறுப்பு ஏற்கும் உறுதிமொழி. பதற்றத்தில் மகனோ மகளோ 'கேரன்டர்' இடத்தில் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். போட்டால் பில் உங்கள் கடனாகலாம். அப்பா சுயநினைவோடு இருந்தால் அவரே கையெழுத்திடட்டும். உங்கள் சோஷியல் செக்யூரிட்டி எண்ணையும் கொடுக்க வேண்டாம். பெற்றோருக்கு அது இல்லை என்று சொன்னால் போதும்.

டாக்டரிடம் பேசும்போது மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள். பெரிய ஆஸ்பத்திரிகளில் தமிழுக்கும் போன் வழியாகக் கிடைப்பார். "கொஞ்ச நாளாகவே இருக்கு" என்று அம்மா பழக்கத்தில் சொல்லும் வார்த்தை, வேறு ஏதோ வலியைப் பற்றியதாக இருந்தாலும், ரெக்கார்டில் இந்த நோயின் தொடக்கமாகப் பதிவாகிவிடக்கூடாது.

பில்களும் கிளெய்மும்

ஒரே இரவு தங்கினாலும் பில் ஒன்றாக வராது. ஆஸ்பத்திரி, எமர்ஜென்சி டாக்டர், ஸ்கேன் பார்த்த ரேடியாலஜிஸ்ட், லேப், ஆம்புலன்ஸ் என்று தனித்தனியாக, வாரங்கள் கழித்துக்கூட வரும். அம்மா அப்பா அதற்குள் ஊருக்குப் போயிருப்பார்கள். அதனால் பதிவில் உங்கள் வீட்டு முகவரி சரியாக இருக்க வேண்டும். காப்பீட்டு நிறுவனத்திலிருந்து வரும் 'எக்ஸ்பிளனேஷன் ஆஃப் பெனிஃபிட்ஸ்' பில் அல்ல. நிறுவனம் எவ்வளவு கொடுத்தது, உங்கள் பங்கு எவ்வளவு என்ற கணக்கு அது. அது வரும்வரை எந்தப் பில்லையும் முழுதாகக் கட்டாதீர்கள். ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து "கிளெய்ம் பரிசீலனையில் உள்ளது" என்று குறிக்கச் சொல்லுங்கள்.

கிளெய்முக்குத் தேவையானவை: கையெழுத்திட்ட கிளெய்ம் படிவம், மருத்துவ விவரங்களை வெளியிட அனுமதிக்கும் கையெழுத்துத் தாள், பாஸ்போர்ட், விசா, ஐ-94 (அமெரிக்காவுக்குள் நுழைந்ததற்கான பதிவு) நகல், ஒவ்வொரு செலவையும் நோய்க் குறியீட்டோடு காட்டும் விரிவான பில், டிஸ்சார்ஜ் சம்மரி, டாக்டர் குறிப்புகள், பணம் கட்டிய ரசீதுகள். இந்தியப் பாலிசி என்றால் ரத்து செய்த காசோலையும். மொத்தத் தொகை மட்டும் போட்ட ஒரு பக்க பில் ஏற்கப்படாது. விரிவான பில்லைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். பெரும்பாலான தாமதம் இந்த ஒரு தாளாலும், அனுமதித் தாளில் அப்பாவின் கையெழுத்து இல்லாததாலும்தான். அவர் விமானம் ஏறுமுன் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

காப்பீடு போக மீதி பெரிதாக இருந்தால், வரிவிலக்குப் பெற்ற ஆஸ்பத்திரிகள் எழுத்து வடிவில் நிதியுதவிக் கொள்கை வைத்திருக்க வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். விண்ணப்பம் கேளுங்கள். விசிட்டருக்குப் பொருந்துமா என்பது அந்தந்த ஆஸ்பத்திரியின் விதி. பொருந்தாவிட்டாலும் தள்ளுபடியும் தவணையும் கேட்கலாம். பேரம் பேசக் கூச்சப்படவேண்டிய இடமே இல்லை.

தங்கும் நாள் நீண்டால்

பாலிசி முடிவதற்கு முன்பே நீட்டியுங்கள். முடிந்த மறுநாள் புதிதாக ஒன்று வாங்கினால், முதல் பாலிசிக் காலத்தில் வந்த நோயெல்லாம் புதியதற்கு 'முன்பே இருக்கும் நோய்' ஆகிவிடும். இந்தியத் திட்டங்களில் நீட்டிப்புக்கு உடல்நிலை அறிவிப்பு கேட்பார்கள். கிளெய்ம் வந்திருந்தால் மறுக்கலாம், பலவற்றில் மொத்தம் 180 நாளுக்கு மேல் போகாது. சீக்கிரம் ஊர் திரும்பினால், கிளெய்ம் எதுவும் இல்லாத பட்சத்தில் மீதி நாள்களுக்கான பணத்தைப் பல அமெரிக்கத் திட்டங்கள் சிறு கட்டணம் கழித்துத் திருப்பித் தரும். அதனால் முழுக் காலத்துக்கும் எடுத்துவிடுவதே நல்லது.

மறுத்தால்

மறுப்புக் கடிதத்தில் பாலிசியின் எந்தப் பிரிவு என்று இருக்கும். அந்தப் பிரிவை மட்டும் குறிவைத்து மேல்முறையீடு எழுதுங்கள். 'பழைய நோய்' என்று மறுத்திருந்தால், சிகிச்சை தந்த அமெரிக்க டாக்டரிடம், இது திடீரென்று வந்தது, எத்தனை மணி நேரத்துக்குள் வந்து சேர்ந்தார் என்று எழுதி வாங்குங்கள். அத்தோடு ஊர் டாக்டரிடம், கிளம்பும்போது நோய் கட்டுக்குள் இருந்தது என்ற கடிதம்.

அமெரிக்கப் பாலிசி என்றால் அடுத்த இடம் அங்குள்ள மாநில அரசின் காப்பீட்டுத் துறை. இந்தியப் பாலிசி என்றால் முதலில் நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுத்தில் புகார், கூடவே காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ-யின் பீமா பரோசா இணையதளத்திலும் பதிவு. ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது பதில் ஏற்க முடியாதது என்றால், ஓராண்டுக்குள் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் (காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர்) போகலாம். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னையில். 50 லட்சம் ரூபாய் வரையிலான புகார்களைக் கட்டணமில்லாமல் விசாரிப்பார்கள். வக்கீல் தேவையில்லை, அனுமதியும் இல்லை. உதவி எண்ணைக் கூப்பிட்ட நேரமும் கேஸ் எண்ணும் எழுதிய தாளை அங்கேயும் எடுத்துப்போங்கள்.